சென்னை வாடகை வீடுகளின் சுவர்ப் பழுதும் பழுதுபார்ப்பும்

சென்னையின் பழைய பகுதிகளான ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, புரசைவாக்கம் முதலிய இடங்களில் வாடகை வருமானத்துக்கென்றே கட்டப்பட்ட செங்கல் வீடுகள் பல இருந்தன. குடும்ப வீடாகக் கட்டப்பட்டுப் பின்னாளில் பகுதி பகுதியாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டவையும் உண்டு. இவற்றில் சில இன்றும் நிற்கின்றன. பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன.

செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், முறையாகப் பராமரித்தால் நூறாண்டுக்கு மேலும் நிற்கக்கூடியது. அப்படியிருந்தும் இவ்வீடுகள் பல ஐம்பது, அறுபது ஆண்டுகளிலேயே ஓதம் ஏறி, காரை பெயர்ந்து, தளம் ஒழுகிக் கெட்டன. கட்டிய பொருளின் குறை இதற்கு ஓரளவே காரணம். வாடகை வீட்டில் பழுதைக் கண்ணால் காண்பவர் குடியிருப்பவர். அதற்குச் செலவு செய்ய வேண்டியவர் உரிமையாளர். இவ்விருவருக்கும் இடையிலான உறவு காலந்தோறும் எப்படி மாறியது, அது சுவரை எப்படிப் பாதித்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலீடாக ஒரு வீடு

வங்கிச் சேமிப்பும் பங்கு முதலீடும் பரவலாகாத காலத்தில், கையிலுள்ள பணத்தைப் பத்திரமாக வைக்க மூன்று வழிகளே பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தன. அவை நிலம், நகை, வீடு. நகரத்தில் வாழ்ந்த வணிகர்களும் வழக்கறிஞர்களும் அரசுப் பணியாளர்களும் ஒன்றிரண்டு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டனர். ஓய்வுக்குப் பின்னும், குடும்பத் தலைவர் காலமான பின்னும், அந்த வாடகையே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆகவே வீட்டு உரிமையாளர் எல்லோரும் பெருஞ்செல்வர் என்று கருதிவிடக் கூடாது.

வாடகை வீடுகளில் இரண்டு அமைப்புகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று ஒண்டுக்குடித்தனம். முற்றமும் தாழ்வாரமும் உள்ள பெரிய வீட்டின் அறைகளை ஒவ்வொரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துவிடுவது இம்முறை. கிணறும் குளியலறையும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. மற்றொன்று, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் 'ஸ்டோர்' என்று வழங்கிய அமைப்பு. நீண்ட நடைபாதையை ஒட்டி வரிசையாகச் சிறு வீடுகளைக் கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வாடகைக்கு விடுவது இது.

ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் ஐந்தாறு குடும்பங்கள் வாழும்போது, சுவரின் மீது விழும் சுமை வேறு வகையாகிறது. ஆட்களின் எடையைவிடத் தண்ணீரின் புழக்கமே முக்கியமானது. முன்பு ஓர் அடுக்களை இருந்த இடத்தில் ஐந்து அடுக்களைகள் வந்தன. துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் முற்றத்தில் நாள் முழுதும் நடந்தன. செங்குன்றம் ஏரியிலிருந்து 1872-ஆம் ஆண்டு முதல் நகருக்குக் குழாய் வழியே தண்ணீர் வந்தது. பின்னர் வீடுகளுக்குள் குழாய்களும் கழிவுநீர் இணைப்புகளும் படிப்படியாக நுழைந்தன. குழாயை மனத்தில் கொள்ளாமல் கட்டிய சுவரைக் குடைந்து அவை பொருத்தப்பட்டன. பிற்காலப் பழுதுகள் பலவற்றின் தொடக்கம் இந்த இடங்களில்தான் இருக்கிறது.

சுவரும் தளமும் கட்டப்பட்ட முறை

பழுதைப் புரிந்துகொள்ளக் கட்டிய முறையை முதலில் அறிய வேண்டும். பழைய சென்னை வீட்டின் சுவர், செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியது. செலவைக் குறைக்க, உட்சுவர்களை மண் சாந்தில் கட்டி மேலே சுண்ணாம்புப் பூச்சு மட்டும் பூசிய வீடுகளும் உண்டு. வாடகைக்கென்றே கட்டிய வீடுகளில் இந்தச் சிக்கனம் எளிதாக இடம்பெற்றது.

சென்னைக்குக் கடற்கரையும் காயல்களும் கிளிஞ்சல்களைத் தந்தன. அவற்றைக் காளவாயில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து நீறும். அதை மணலோடும், செங்கல் தூளாகிய சுர்க்கியோடும் சேர்த்து மாடு இழுக்கும் செக்கில் அரைத்துச் சாந்தாக்கினர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்ப்பதுண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பை மைபோல் அரைத்துப் பல அடுக்காகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய சென்னைப் பூச்சு, சலவைக்கல்லைப் போல் பளபளத்தது. இங்கு வந்த ஐரோப்பியர்கள் அதை வியந்து எழுதியிருக்கிறார்கள்.

சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி, மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறி இறுகுகிறது. இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். அதனால் சுவர் சிறிது அசைந்தாலும் சாந்து அதற்கு இடங்கொடுக்கும். மேலும் இச்சாந்தில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவருக்குள் ஏறிய ஈரம் அவற்றின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். இந்தப் பண்பே பழைய சுவரின் ஆயுள் ரகசியம்.

மேல்தளம் 'மெட்ராஸ் டெரஸ்' என்று கட்டடக்கலை நூல்களில் பெயர் பெற்றது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள் போடுவார்கள். அவற்றின் மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கிப் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டிச் சமன்படுத்துவார்கள். பெண் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்துக்கொண்டே, மரக்கட்டையால் நாள் கணக்கில் அதைத் தட்டி இறுக்குவார்கள். இறுதியில் தட்டோடுகள் பதித்து, மழைநீர் ஓட வாட்டம் விடுவார்கள். இத்தளம் வெயிலைத் தாங்கியது. வீட்டைக் குளிர்ச்சியாக வைத்தது. ஆனால் உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருப்பதால், சுவரில் ஈரம் தங்கினால் முதலில் கெடுவது அந்த நுனியே.

ஆண்டுதோறும் நடந்த பராமரிப்பு

இத்தகைய வீடு கட்டி முடித்ததும் மறந்துவிடக்கூடியது அன்று. சென்னைக்கு ஆண்டில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்க்கிறது. ஆகவே ஐப்பசிக்கு முன் கொத்தனாரை அழைத்துத் தளத்தைப் பார்க்கச் செய்வது வழக்கமாக இருந்தது. தட்டோடுகளின் சந்துகளில் பெயர்ந்த சாந்தை நீக்கிப் புதிதாகப் பூசுவது, மழைநீர் வடியும் துவாரங்களைச் சுத்தம் செய்வது, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு பிடுங்குவது ஆகியவை அந்த வேலையில் அடங்கும். தைப் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பார்கள். அது அழகுக்கு மட்டும் செய்ததாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பூச்சின் நுண்விரிசல்கள் அடைபட்டன.

தனித்தனியே பார்த்தால் இவை சிறு செலவுகள். ஆனால் ஆண்டு தவறாமல் செய்ய வேண்டியவை. மூன்று மழைக்காலம் தவறவிட்டால் சாந்து வேலை செங்கல் வேலையாகிவிடும். மேலும் சில ஆண்டுகள் தவறினால் அது மரவேலையும் ஆகிவிடும். உத்திரத்தையே மாற்ற வேண்டிவரும்.

வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பொருள்களின் விலை ஏறியது. வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்கள் பெருகினர். வீடுகள் போதவில்லை. 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த சென்னையின் மக்கள்தொகை, 1951-இல் 14 லட்சத்தைத் தாண்டியது. நகர எல்லை விரிவுபட்டதும் இதற்கு ஒரு காரணம். இந்த நெருக்கடியில் குடியிருப்போரைக் காக்க, 1941-இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. பின்னர் 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டு) சட்டமும் வந்தன.

இச்சட்டங்களின் நோக்கம் நியாயமானது. காரணமின்றி வீட்டைக் காலி செய்யச் சொல்வதையும், நெருக்கடியைப் பயன்படுத்தி வாடகையை ஏற்றுவதையும் அவை தடுத்தன. இச்சட்டங்கள் இல்லாதிருந்தால் எத்தனையோ எளிய குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். ஆனால் சுவரின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு பக்கவிளைவும் தெரிகிறது. தொடக்கச் சட்டங்களின்கீழ் நியாய வாடகை, 1940 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அப்பகுதியில் நிலவிய வாடகையை ஒட்டிக் கணக்கிடப்பட்டது. அதற்குமேல் வரையறுத்த அளவே உயர்த்தலாம். கொத்தனார் கூலியும் சுண்ணாம்பு விலையும் தேக்கு விலையும் அப்படி நிற்கவில்லை. வாடகை ஓரிடத்தில் நிற்க, பழுதுபார்க்கும் செலவு ஏறிக்கொண்டே போனது.

1960-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடத்தின் மதிப்பைக் கொண்டு நியாய வாடகையைக் கணிக்கும் முறையைக் கொண்டிருந்தது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குடியிருப்புக் கட்டடத்துக்கு மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்பது கணக்கு. ஆனால் இதைப் பெற உரிமையாளர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் வழக்குத் தொடுக்க வேண்டும். மேல்முறையீடுகளையும் கடக்க வேண்டும். ஒருமுறை நிர்ணயித்த வாடகையைப் பின்னர் உயர்த்த, கட்டடத்தில் புதிய சேர்க்கையோ மேம்பாடோ செய்திருக்க வேண்டும். தட்டோட்டுச் சந்தை அடைப்பது மேம்பாட்டில் சேராது. எனவே ஆண்டுப் பராமரிப்பு, திரும்பி வராத செலவாக உரிமையாளரின் கணக்கில் பதிவாயிற்று.

உரிமையாளர் பழுதுபார்க்க மறுத்தால், குடியிருப்பவர் அலுவலரின் உத்தரவு பெற்றுத் தாமே பழுதுபார்த்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொன்னது. ஆனால் கழிக்கக்கூடிய தொகை வாடகையைப் பொறுத்தது. வாடகையே சிறிதாக இருந்ததால், பெரிய பழுதுகளுக்கு இவ்வழி உதவவில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் மற்றொரு சிக்கலும் இருந்தது. ஒழுகுவது எல்லோர் தலைக்கும் மேலுள்ள தளம். அதற்கு எந்தக் குடித்தனக்காரர் மனுப் போடுவது, யார் செலவழிப்பது என்பது முடிவாகாத கேள்வியாகவே நின்றது.

சிமெண்டின் வருகை

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் சென்னையிலேயே நடந்தது. சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம், சென்னைச் சுண்ணாம்புக்குப் பயன்பட்ட அதே கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு அதைச் செய்தது. அம்முயற்சி நீடிக்கவில்லை. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே நிலைத்தது. தமிழ்நாட்டில் 1934-இல் கோவையை அடுத்த மதுக்கரையிலும், 1949-இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்திலும் சிமெண்ட் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின.

வெகுகாலம் சிமெண்ட் அரசின் விலைக் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982-இல் அக்கட்டுப்பாடு ஓரளவும், 1989-இல் முழுமையாகவும் நீக்கப்பட்டது. அதன் பின் தெருமுனைக் கடையிலேயே மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் கிடைத்தது. சுண்ணாம்பை நீற்றி, அரைத்து, புளிக்கவைத்து, நாள் கணக்கில் தட்டும் வேலை மறையத் தொடங்கியது. காளவாய்கள் அணைந்தன. அந்த வேலை தெரிந்த கொத்தனார்களும் குறைந்தனர்.

பெயர்ந்த காரையைத் தட்டிவிட்டு அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசுவது எளிதாகவும் மலிவாகவும் இருந்தது. அரை நாளில் வேலை முடிந்துவிடும். சுவர் புதிதுபோல் தெரியும். வாடகை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றே எல்லோருக்கும் தோன்றியது. விளைவு பின்னரே தெரிந்தது.

சிமெண்டுப் பூச்சு சுண்ணாம்புச் சாந்தைவிடக் கடினமானது, அடர்த்தியானது. ஈரத்தை அது எளிதில் வெளியே விடாது. தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் நீர், பூச்சின் வழியே உலர முடியாமல் மேலும் மேலே ஏறுகிறது. முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்புயரத்துக்கு வருகிறது. அந்த நீரில் கரைந்துள்ள உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரிந்து செங்கல்லின் முகத்தை உதிர்க்கிறது. கடலோர நகரமான சென்னையில் நிலத்தடி நீரிலும் உப்பு மிகுதி. சில ஆண்டுகளில் பூச்சு பலகைபோல் கழன்று விழும். விழும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு போகும். பார்ப்பவர், பூச்சில் சிமெண்ட் குறைவு என்று எண்ணி இன்னும் கெட்டியான கலவையைப் பூசுவார். நோய் மேலும் உள்ளே போகும்.

தளத்திலும் இதுவே நடந்தது. ஒழுகும் தட்டோட்டுத் தளத்தின்மேல் சிமெண்டுக் கலவையை ஓர் அடுக்கு போட்டனர். அது வெயிலில் வெடித்தது. விரிசல் வழியே நீர் இறங்கி அடியில் தங்கியது. அதன்மேல் இன்னோர் அடுக்கு போட்டனர். தளத்தின் எடை கூடிக்கொண்டே போக, அதைத் தாங்கும் உத்திரத்தின் நுனி ஈரத்தில் மக்கிக்கொண்டிருந்தது. தேக்கு உத்திரங்களை அகற்றிவிட்டுப் பழைய சுவரின்மேல் கான்கிரீட் தளம் போட்ட வீடுகளில் வேறொரு பழுது தோன்றியது. கான்கிரீட் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது, தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக விரிசல் ஓடியது.

விரிசல் சாட்சியாக மாறியது

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இரண்டு காரணங்களுக்காக உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெற இடமளித்தது. ஒன்று, ஆட்களைக் காலி செய்யாமல் செய்ய முடியாத பழுதுபார்ப்பு வேலை. மற்றொன்று, இடித்துப் புதிதாகக் கட்டுவது. பழுதுபார்ப்புக்காகக் காலி செய்தால், வேலை முடிந்தபின் பழைய குடியிருப்பாளருக்கே வீட்டைத் தர வேண்டும். இடித்துக் கட்டினால் அந்தக் கட்டாயம் இல்லை. நகரில் மனை விலை ஏற ஏற, பழைய சுவரைவிட அதன் அடியிலுள்ள நிலமே மதிப்பு மிக்கதாயிற்று. ஆகவே உரிமையாளர்கள் இரண்டாம் காரணத்தையே பெரிதும் நாடினர்.

இதனால் சுவரின் விரிசல் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் பொறியாளருடன் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, விரிசலை அளந்து, அறிக்கை கொடுப்பார். உரிமையாளர் தரப்புப் பொறியாளர் கட்டடம் இடியும் நிலையில் இருக்கிறது என்பார். குடியிருப்பவர் தரப்புப் பொறியாளர் சிறு பழுதுபார்ப்பே போதும் என்பார். இடிப்பதற்கு உடனடித் தேவை இருக்கும் நிலையில் கட்டடம் இருக்க வேண்டுமா என்பதே வழக்குகளின் மையக் கேள்வி. 1990-இல் உச்ச நீதிமன்றம் கட்டடத்தின் நிலைக்கு மிகுந்த முக்கியத்துவம் அளித்தது. 1996-இல் அதே நீதிமன்றம் இதை மறுபடியும் ஆராய்ந்தது. கட்டடத்தின் வயதும் நிலையும் கருத்தில் கொள்ள வேண்டியவை. ஆனால் அது இடிந்து விழும் நிலையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. உரிமையாளரின் நோக்கம் உண்மையானதா, புதிதாகக் கட்ட அவருக்கு வசதி உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

இந்த வழக்குகளின் போக்கு ஒரு வினோதமான நிலையை உண்டாக்கியது. சுவர் கெடக் கெட, உரிமையாளரின் வழக்கு வலுப்பெறும். அதைச் சரிசெய்தால் வழக்கு பலவீனமாகும். குடியிருப்பவருக்கும் வீட்டில் பணம் போடத் தயக்கம். வழக்குத் தோற்றால் போட்டது போயிற்று. வழக்கு நடந்த ஆண்டுகளில் மழையும் பெய்தது. இருவரில் எவர் வென்றாலும், அதற்குள் வீடு பெரும்பாலும் தோற்றிருந்தது. இடையில் அந்தக் கூரையின்கீழ் உறங்கிய குழந்தைகளும் முதியவர்களுமே ஆபத்தைச் சுமந்தார்கள்.

மும்பை தேடிய வழி

இதே சிக்கலை மும்பை இன்னும் பெரிய அளவில் சந்தித்தது. அங்கு ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட சால்கள் நம் ஒண்டுக்குடித்தனங்களைவிடப் பன்மடங்கு பெரியவை. 1947-ஆம் ஆண்டுச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் 1-ஆம் தேதியின் நிலையை ஒட்டி நிறுத்தியது. பராமரிப்பின்றிக் கட்டடங்கள் இடியத் தொடங்கவே, 1969-இல் கட்டடப் பழுதுபார்ப்பு மற்றும் மறுகட்டுமான வாரியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. பழைய வாடகைக் கட்டடங்களுக்குச் சிறப்பு வரி விதித்து, அந்த நிதியைக் கொண்டு வாரியமே பழுதுபார்க்கும் ஏற்பாடு அது. அவ்வாறு 19,642 கட்டடங்கள் கணக்கில் கொண்டுவரப்பட்டன. அவற்றில் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்டவை.

வாரியம் பல கட்டடங்களின் ஆயுளை நீட்டித்தது. ஆயினும் நிதியும் வேகமும் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. வாடகையை அசையாமல் நிறுத்திவைக்கும் விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்று 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 ஆகஸ்ட் 31 அன்று, பெருமழைக்குப் பின், பெண்டி பஜார் பகுதியில் நூறாண்டு கடந்த ஹுசைனி கட்டடம் இடிந்து 33 பேர் உயிரிழந்தனர். பழுதைத் தள்ளிப்போடுவதன் விலை என்ன என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. சென்னையில் இத்தகைய தனி வாரியம் அமையவில்லை. இங்கு பழுதுபார்ப்பு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான விவகாரமாகவே இருந்தது.

விரிசலைப் படிக்கும் முறை

எல்லா விரிசலும் ஆபத்தானது அன்று. எல்லா விரிசலையும் பூசி மறைப்பதும் தீர்வன்று. அனுபவமுள்ள கொத்தனார் முதலில் பார்ப்பது விரிசலின் திசையை.

பூச்சில் மட்டும் வலைபோல் பரவிய மயிரிழை விரிசல்கள், பூச்சு காயும் வேகத்தால் வருபவை. இவற்றால் கட்டடத்துக்கு ஆபத்தில்லை. தளத்தை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடுவது, மேலே சொன்னபடி கான்கிரீட் விரிந்து சுருங்குவதால் வருவது. தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேராக மேலிருந்து கீழே இறங்குவது, இரு வேறு பொருள்களின் சந்திப்பால் வருவது. இன்றைய அடுக்குமாடி வீடுகளில் இது மிகுதி. சன்னல், கதவு மூலைகளிலிருந்து படிக்கட்டு போலச் சாய்வாக ஏறும் விரிசல் கவனத்துக்குரியது. அடித்தளத்தின் ஒரு பகுதி இறங்கியிருக்கலாம். சுவரின் இருபுறமும் தெரிந்து, ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருந்தால், பொறியாளரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

விரிசல் வளர்கிறதா என்று அறிய ஓர் எளிய பழைய முறை உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் ஒட்டி, தேதியைக் குறித்து வைப்பார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் அசைவு நின்றுவிட்டது என்று பொருள். அசைவு நின்ற பிறகே விரிசலை அடைக்க வேண்டும்.

பழுதுபார்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். தளத்தின் வாட்டம், வடிகுழாய், கழிப்பறைக் குழாய், சுவரோரம் தேங்கும் நீர் ஆகிய நான்கையும் பார்த்த பின்பே பூச்சைத் தொட வேண்டும். அடுத்துச் சுவரை உலரவிட வேண்டும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். பிறகு உதிர்ந்த செங்கற்களைப் பெயர்த்து மாற்ற வேண்டும். சந்துகளைச் சுரண்டி, பழைய சுவர் எந்தச் சாந்தால் கட்டப்பட்டதோ அதே வகைச் சாந்தால் நிரப்ப வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. இறுதியாகப் பூச்சும் வெள்ளையும். நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகிறது. குடியிருப்பவர் மாறும் இடைவெளியில், ஒரே வாரத்தில், ஈரம் காயுமுன் பூச்சும் வண்ணமும் முடிந்துவிடுகின்றன. அடுத்த மழையில் சுவர் பழைய கதையைச் சொல்லத் தொடங்கும்.

புதிய சட்டமும் இன்றைய நிலையும்

1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகையை இருதரப்பு எழுத்து ஒப்பந்தத்துக்கு விட்டது இதன் அடிப்படை மாற்றம். பழுதுபார்க்கும் பொறுப்பையும் இச்சட்டம் பிரித்துக் கூறுகிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது போன்றவை உரிமையாளரைச் சேரும். தண்ணீர்க் குழாய்த் திருகு, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற அன்றாடச் சிறு பழுதுகள் குடியிருப்பவரைச் சேரும். குடியிருப்பவர் கவனக்குறைவால் விளைந்த சேதத்துக்கு அவரே பொறுப்பு.

இதனால் பழைய முடிச்சு ஒன்று அவிழ்ந்தது. வாடகை உயரும் வாய்ப்பு இருப்பதால், வீட்டை நல்ல நிலையில் வைப்பதில் உரிமையாளருக்கு இப்போது பயன் உண்டு. ஆனால் புதிய முடிச்சுகளும் விழுந்துள்ளன. பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர், அடுத்த ஆண்டு இருப்போமா என்ற ஐயத்தில் ஓதத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறார். வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழும் உரிமையாளர், முதலீட்டுக்காக வாங்கிய அடுக்குமாடி வீட்டை ஆண்டுக்கணக்கில் நேரில் பார்ப்பதில்லை. மேல்வீட்டுக் கழிப்பறையின் கசிவு கீழ்வீட்டுச் சுவரில் தெரியும்போது, செலவு யாருடையது என்ற பழைய கேள்வி புதிய வடிவில் எழுகிறது. ஒண்டுக்குடித்தனத்தின் பொதுத்தளச் சிக்கலே இது.

விரிசலை மதித்து நடந்தால் என்ன பயன் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்த குடியிருப்பாளர்கள் முன்னதாகவே வெளியேறியிருந்ததால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

தொகுப்புரை

சென்னையின் பழைய வாடகை வீடுகள் அழிந்ததற்கு வாடகைச் சட்டம், உரிமையாளரின் கருமித்தனம், குடியிருப்பவரின் பிடிவாதம், சிமெண்டு என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைக் குறை கூறுவதுண்டு. வரலாற்றைப் பார்த்தால், இவை அனைத்தும் ஒரே இடத்தில் சேர்ந்தன என்பது தெரியும். சிறு செலவு எவருடைய கடமையாகவும் இல்லாமற்போன இடம் அது. ஐப்பசிக்கு முன் நடந்த அரை நாள் கொத்துவேலை நின்றதும் நீர் உள்ளே வந்தது. சிமெண்டு அதை மறைத்தது, வழக்கு அதை வளர்த்தது.

இன்று வீடு வாங்கி வாடகைக்கு விடுவோரும், வாடகைக்குக் குடிபோவோரும் ஒப்பந்தம் எழுதும் நாளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருவரும் சேர்ந்து மாடிக்கு ஏறித் தளத்தின் வாட்டத்தையும், சுவர்களின் அடிப்பகுதியையும், குளியலறையின் பின்சுவரையும் பார்த்து, உள்ள விரிசல்களைப் படத்துடன் ஒப்பந்தத்தில் குறித்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் மழைக்கு முன் யார் கொத்தனாரை அழைப்பது என்பதையும் அதில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம். பழைய வீடுகள் பலவற்றுக்கு அந்த ஒரு வரி இல்லாமற்போயிற்று.